குழந்தைப் பருவக் கடும் வலிப்பில் மூளை வலைப்பின்னலை அளத்தல்: வெஸ்ட் நோய்க்குறியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெஸ்ட் நோய்க்குறி என்னும் மழலைப் பருவ வலிப்பில் காணும் குழம்பிய அலைக்கோலம் ஹிப்சரித்மியா. அது உள்ள இ.இ.ஜி. (மூளை மின்னலை) பதிவை முதன்முறையாகத் திரையில் காண்பவருக்கு, பத்து நொடி கொண்ட அந்தப் பக்கத்தில் எந்தக் கோடு எந்த மின்முனைக்கு உரியது என்றே பிடிபடாது. வழக்கமான உணர்திறனில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும். 200, 300 மைக்ரோவோல்ட் உயரமுள்ள மெதுவான அலைகளுக்கு நடுவே, ஒரு நொடி பிடரிப் பக்கம், மறுநொடி நெற்றிப் பக்கம் என்று கூர்முனைகள் இடம் மாறி வந்துகொண்டே இருக்கும். ஃபிரடெரிக் கிப்ஸ், எர்னா கிப்ஸ் இணையர் 1952-இல் இந்தக் கோலத்துக்குப் பெயரிட்டபோது உயரம் என்னும் கிரேக்கச் சொல்லையும் ஒழுங்கற்ற தாளம் என்னும் பொருளையும் சேர்த்தார்கள். ஆனால் அதே பதிவை எடுத்து மின்முனைகளுக்கு இடையிலான இணைப்பைக் கணக்கிட்டால், உடல்நலமுள்ள குழந்தையின் மூளையில் காண்பதைவிட இறுக்கமான, நிமிடத்துக்கு நிமிடம் மாறாத பிணைப்பு கிடைக்கிறது. கண்ணுக்குக் குழப்பமாகத் தெரிவது கணக்கில் ஏன் இறுகிய வலையாகத் தெரிகிறது என்ற கேள்விதான் இந்த ஆய்வுக்குப் பலரை இழுத்துவருகிறது, என்னையும் சேர்த்து.

குழந்தை நரம்பியலில் மேற்படிப்பு படிப்பவர்களையும் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இ.இ.ஜி. என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும். மென்பொருளுக்குப் பஞ்சமில்லை, இ.இ.ஜி.லேப், ஃபீல்ட்டிரிப், எம்.என்.இ.-பைத்தான் ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைக்கின்றன, இவற்றில் எதைக் கொண்டும் கீழே சொல்லும் அனைத்தையும் செய்யலாம். மென்பொருள் எப்படியும் ஓர் எண்ணைத் தந்துவிடும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த எண் மூளையிலிருந்து வந்ததா, ஒட்டும் பசையிலிருந்து வந்ததா, தூக்கத்திலிருந்து வந்ததா என்று அது சொல்லாது.

முதற்படி: நோயையும் கேள்வியையும் வரையறுத்தல்

1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தம் சொந்த மகனுக்கு வந்த வலிப்பை விவரித்து லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தலை முன்னோக்கிச் சாய்வதும் உடல் மடங்குவதும் நிமிர்வதுமாக, சலாம் வைப்பதுபோல் அடுத்தடுத்து வந்த அந்த அசைவுகள் இன்று ஸ்பாசம் எனப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஓரிரு நொடிகளே நீடிக்கும். தூங்கி எழும் நேரத்தில் கொத்தாக வரும். பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். நம் வீடுகளில் குழந்தை திடுக்கிடுகிறது என்றோ வயிற்று வலி என்றோ உரம் விழுந்துவிட்டது என்றோ எண்ணி நாள் கடத்திவிடுவது உண்டு. அந்தத் தாமதம் ஆய்வாளருக்கும் முக்கியமான செய்தி, ஏனெனில் நோய் தொடங்கி ஒரு வாரத்தில் எடுத்த பதிவும் மூன்று மாதம் கழித்து எடுத்த பதிவும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2022-இல் இந்நோயை மழலை வலிப்பு ஸ்பாச நோய்க்குறி என்ற பரந்த பெயரின் கீழ் கொண்டுவந்தது. அதன்படி, ஹிப்சரித்மியா இல்லாவிட்டாலும் இந்நோய் என்று முடிவுசெய்ய முடியும். ஆகவே உங்கள் ஆய்வில் சேர்க்கும் குழந்தைகளுக்கு ஹிப்சரித்மியா கட்டாயமா இல்லையா என்பதை முதல் நாளிலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். "மூளை வலைப்பின்னல் எப்படி இருக்கிறது" என்பதை எந்தக் கணக்கும் தீர்த்துவைக்காது. "ஹார்மோன் சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்தில் ஸ்பாசம் நின்ற குழந்தைகளுக்கும் நிற்காத குழந்தைகளுக்கும், தூக்கத்தில் டெல்டா எனப்படும் மிக மெதுவான அலைவரிசையின் இணைப்பு வலிமை வெவ்வேறு திசையில் மாறுகிறதா" என்பது கேள்வி. இதில் நோயாளிகள் யார், நிலை எது, அலைவரிசை எது, எந்த இரண்டு நேரங்களை ஒப்பிடுகிறோம் என எல்லாம் இருக்கின்றன.

இரண்டாம் படி: ஒப்புதலும் அடையாள நீக்கமும்

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றோரின் எழுத்து வழி ஒப்புதலும் இல்லாமல் ஒரு கோப்பையும் திறக்கக் கூடாது. இந்தியாவில் இதற்கான அடிப்படை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள். ஆய்வுக்காக இன்னொரு பதிவு எடுக்க வேண்டும் என்று சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கக் கூடாது; இந்நோயில் சிகிச்சைத் தாமதம் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இ.இ.ஜி. பதிவுகளைச் சேமிக்கப் பயன்படும் இ.டி.எஃப். வடிவக் கோப்பின் தலைப்பகுதியில் முதல் 8 எழுத்திடங்களுக்குப் பிறகு வரும் 80 இடங்கள் நோயாளியின் விவரத்துக்கும், அதற்கடுத்த 80 இடங்கள் பதிவின் விவரத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தாலே அவை தெரியும். இ.இ.ஜி.யோடு சேர்த்து எடுக்கும் நிகழ்படத்தில் குழந்தையின் முகம் இருப்பதால் அதைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: பதிவு

பன்னாட்டு 10–20 முறைப்படி தலையில் 19 மின்முனைகள் வைப்பது வழக்கம். அவற்றிலிருந்து 171 சோடிகள் கிடைக்கும். நொடிக்கு 200 அல்லது 256 மாதிரிகள் எடுக்கும் கருவி போதும். குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்காது, மண்டையோடும் மெல்லியது. அதனால் மின்னோட்டம் பரவும் விதம் பெரியவர்களிடம் காண்பதைப் போன்றதன்று என்பதைப் பின்னர் மூளைக்குள் அலை எழும் மூல இடத்தைக் கணக்கிட நினைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு பிழை முழு ஆய்வையும் கெடுத்துவிடும். சின்னத் தலையில் மின்முனைகள் நெருக்கமாக இருப்பதால், பசையைத் தாராளமாக வைத்தாலோ குழந்தைக்கு வியர்த்தாலோ, இடப்பக்கம் அடுத்தடுத்து உள்ள சி3 மின்முனைக்கும் பி3 மின்முனைக்கும் நடுவில் பசை வழிந்து பாலம் போட்டுவிடும். அதன்பின் இரண்டும் ஒரே அலையைத்தான் காட்டும். கண்ணால் பார்க்கும் மருத்துவர் இதைப் பொருட்படுத்தாமல் போகலாம். ஆனால் இரண்டு அலைகள் எவ்வளவு ஒத்து அசைகின்றன என்று அளக்கும் ஒட்டுறவுக் கணக்கில் அந்தச் சோடி மூளையிலேயே வலிமையான இணைப்பாக வந்து நிற்கும். ஒவ்வொரு பதிவிலும் பக்கத்து மின்முனைகளின் வேறுபாட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு சோடியில் மட்டும் கோடு ஏறத்தாழ நேராக ஓடினால் அங்கே பாலம் இருக்கிறது. அந்த மின்முனைகளை விட்டுவிடுங்கள்.

இயல்பான தூக்கத்தில் எடுத்த பதிவே நல்லது. தூக்க மருந்து கொடுத்திருந்தால் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். பென்சோடயசிபீன் வகை மருந்துகள் பீட்டா எனப்படும் வேகமான அலைகளைக் கூட்டும் என்பதால், வலிப்புக்காக குளோனசிபாமோ குளோபசாமோ எடுக்கும் குழந்தையின் பீட்டா இணைப்பைப் பற்றிப் பெரிதாக எதுவும் பேசாமலிருப்பது நல்லது.

நான்காம் படி: எந்தப் பத்து நிமிடம்?

என் முதல் முயற்சியில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டபோது, கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளிடமும் இணைப்பு வலிமை சரிந்திருந்தது. வரைபடம் அழகாக இருந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சியில் இருந்த பிறகு, பதிவு நேரங்களைப் பார்த்த தொழில்நுட்பர் ஒருவர், முன்பதிவுகள் பெரும்பாலும் மதியத் தூக்கத்தில் எடுத்தவை, பின்பதிவுகள் புறநோயாளிப் பிரிவில் காலையில் குழந்தை விழித்திருக்கும்போது எடுத்தவை என்று சொன்னார். நான் அளந்தது சிகிச்சையின் விளைவை அல்ல, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் உள்ள வேறுபாட்டை. எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஹிப்சரித்மியா விரைவற்ற கண்ணசைவுத் தூக்கத்தில் பெருகும். கண் விரைந்து அசையும் தூக்கத்தில் தணியும், சில வேளை மறைந்தே போகும். எனவே தூக்க நிலையைக் கட்டாயம் பொருத்த வேண்டும். நான் இப்போது பின்பற்றும் முறை இது: நிகழ்படத்தைப் பார்த்து, குழந்தை ஆழ்ந்து உறங்கத் தொடங்கிய பின் வரும் முதல் 30 நிமிடத்தைக் குறிப்பேன். அதில் ஸ்பாசக் கொத்து எதுவும் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் 10 நிமிடத்தை ஒதுக்கிவிடுவேன், ஏனெனில் ஸ்பாசத்தின்போது உயர்ந்த ஒரு மெதுவான அலையும் அதைத் தொடர்ந்து பதிவு முழுதும் தட்டையாவதும் நிகழும். எல்லா மின்முனைகளிலும் ஒரே நேரத்தில் வரும் அந்த மாற்றம் எந்த அளவையையும் ஏற்றிவிடும். எஞ்சியதிலிருந்து, குழந்தைக்குச் சிகிச்சை பலித்ததா என்று அறியாத ஒருவர் 10 நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுப்பவருக்கு முடிவு தெரிந்திருந்தால், தம்மை அறியாமலேயே "நல்ல" பகுதியை எடுத்துவிடுவார்.

கண்ணால் மதிப்பிட்ட ஹிப்சரித்மியாவை மட்டும் நம்பிக் குழுக்களைப் பிரிக்காதீர்கள். தேர்ந்த மருத்துவர்களிடையே கூட அதில் உடன்பாடு குறைவு என்று 2015-இல் ஒரு குழு காட்டியது. அதே ஆண்டில் முன்மொழியப்பட்ட, அலை உயரத்தையும் கூர்முனைகளின் சுமையையும் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் பேஸ்டு (BASED) முறையைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் வலைப்பின்னல் எண்ணுக்கு ஒப்பிட ஒரு துணை கிடைக்கும்.

ஐந்தாம் படி: தூய்மையாக்கலும் மேற்கோள் மின்முனையும்

0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டுங்கள். நம் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்குங்கள். வடிகட்டி கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பதை, நகர்த்தாத வகையாக இருக்க வேண்டும். சப்புவதும் முகத்தசை இழுப்பும் உள்ள நொடிகளை எடுத்துவிடுங்கள். உயரம் அதிகம் என்பதற்காக மென்பொருள் தானாகவே நீக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள்: பெரியவர்களுக்காக 100 மைக்ரோவோல்ட் எல்லை வைத்த நிரல், ஹிப்சரித்மியாவில் நோயையே குப்பை என்று கழித்துவிடும்.

மற்ற மின்முனைகளை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த மேற்கோள் மின்முனையில் பலரும் சறுக்குகிறார்கள். எல்லா மின்முனைகளின் சராசரியை மேற்கோளாக வைப்பது வழக்கம். 19 மின்முனைகளே உள்ளபோது, இடது பிடரியில் மட்டும் 380 மைக்ரோவோல்ட் அலை ஒன்று வந்தால் சராசரியில் அது 20 மைக்ரோவோல்ட் சேர்க்கும். அந்த 20 மற்ற எல்லா மின்முனைகளிலும் தலைகீழாகக் கழிபடும். நெற்றியில் அந்நேரம் ஓடிய அலையே 40 மைக்ரோவோல்ட்தான் என்றால், அதில் பாதியளவு பிடரியிலிருந்து இரவல் வாங்கியதாகிவிடும். சராசரி மேற்கோள், சி-இசட் (உச்சந்தலை நடு மின்முனை) மேற்கோள் இரண்டிலும் கணக்கிட்டு, முடிவு இரண்டிலும் ஒரே திசையில் வருகிறதா என்று பார்த்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: இணைப்பை அளக்கும் முறை

மூளைக்குள் ஓரிடத்தில் எழும் மின்சாரம் மண்டையோட்டைக் கடந்து ஒரே நேரத்தில் பல மின்முனைகளை எட்டும். இரண்டு மின்முனைகள் துளியும் காலத்தாழ்வு இன்றி ஒன்றாக அசைந்தால், அது இரண்டு இடங்களின் உரையாடலா, ஒரே இடத்தின் குரலை இரண்டு காதுகள் கேட்டதா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே நல்ல அளவைகள் யாவும் காலத்தாழ்வு உள்ள தொடர்பை மட்டும் எண்ணிக்கையில் கொள்கின்றன. கைடோ நோல்ட்டே 2004-இல் முன்வைத்த கற்பனைப் பகுதிக் கோஹெரன்ஸ், கார்னெலிஸ் ஸ்டாம் குழு 2007-இல் தந்த கட்டப் பின்னடைவுக் குறியீடு, மார்ட்டின் விங்க் குழு 2011-இல் அதற்கு எடையிட்டுத் திருத்திய வடிவம் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இதற்கு விலையும் உண்டு: காலத்தாழ்வே இல்லாத உண்மையான தொடர்பும் இவற்றில் தொலைந்துபோகும்.

தொடங்குபவருக்கு நான் குறுக்கு ஒட்டுறவைப் பரிந்துரைப்பேன், ஒவ்வோர் அடியும் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக. 10 நிமிடப் பதிவை ஒரு நொடிச் சாளரங்களாக வெட்டினால் 600 சாளரங்கள். ஒவ்வொன்றிலும் 171 சோடிகளுக்கு, ஓர் அலையை மற்றதன் மீது முன்னும் பின்னும் 200 மில்லி நொடி வரை நகர்த்தி, ஒட்டுறவு எங்கே உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். மொத்தம் 1,02,600 உச்சங்கள் கிடைக்கும். உச்சம் சரியாகச் சுழியத் தாழ்வில் இருந்தால் அதை எண்ணாதீர்கள். மீதமுள்ளவற்றில், தற்செயலில் எதிர்பார்ப்பதைவிட உயர்ந்த உச்சம் எத்தனை விழுக்காட்டுச் சாளரங்களில் வந்தது என்பதே அந்தச் சோடியின் இணைப்பு வலிமை.

கட்டம் சார்ந்த அளவைக்குப் போகிறவர்கள் சாளரத்தின் நீளத்தை மாற்ற வேண்டும். 2 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு நொடியில் இரண்டே சுழற்சிகள் இருப்பதால் கட்டம் நம்பத்தக்கதாக இராது. 4 அல்லது 5 நொடிச் சாளரம் தேவை. சாளரங்களின் எண்ணிக்கை இதைவிட முக்கியமானது. ஸ்டாமின் குறியீட்டில், ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மின்முனைகளுக்கும் 20 சாளரங்கள் மட்டும் கொடுத்தால் சராசரியாக ஏறத்தாழ 0.18 என்ற மதிப்பு வரும். 200 கொடுத்தால் ஏறத்தாழ 0.06 வரும். அதாவது ஒரு குழந்தையின் பதிவில் 20 சாளரங்கள் மிஞ்ச, இன்னொரு குழந்தைக்கு 200 மிஞ்சினால், முதல் குழந்தையின் மூளை மூன்று மடங்கு இணைந்திருப்பதாக ஒரு பொய் முடிவு தயாராகிவிடும். அழுத குழந்தைக்குச் சாளரங்கள் குறையும், அமைதியான குழந்தைக்குக் கூடும் என்பதை நினைத்தால் இதன் விபரீதம் புரியும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே எண்ணிக்கையை எடுங்கள்.

அலைவரிசைகளைப் பெரியவர்களின் பட்டியலிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். பிடரித் தாளம் ஆறு மாதக் குழந்தைக்கு 5 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒரு வயதில் 6, 7 ஹெர்ட்ஸ் அளவிலும் இருக்கும். 8 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஆல்ஃபா என்னும் பெட்டி இவ்வயதில் பொருந்தாது.

ஏழாம் படி: தற்செயலைக் கழித்தல்

"தற்செயலில் எதிர்பார்ப்பது" என்று மேலே சொன்னதை ஊகத்தால் நிரப்பக் கூடாது. ஒரு மின்முனையின் சாளரங்களைக் கலைத்துப் போட்டு, சி3-இன் 14-ஆம் நொடியை பி4-இன் 302-ஆம் நொடியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அலைகளின் தன்மை அப்படியே இருக்கும், ஆனால் உண்மையான உறவு இருக்காது. இப்படி 1,000 முறை கலைத்துக் கிடைக்கும் மதிப்புகளில் 95 விழுக்காட்டைத் தாண்டுவதே எல்லை. மெதுவான அலைகள் நிறைந்த ஹிப்சரித்மியாவில் இந்த எல்லை இயல்பான பதிவைவிட உயரமாக இருக்கும், அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

எட்டாம் படி: வலைப்பின்னல் வரைபடம்

19 முனைகளும் 171 கோடுகளும் கொண்ட வரைபடத்திலிருந்து கொத்துக் கெழு (பக்கத்து முனைகள் தமக்குள் எவ்வளவு இணைந்துள்ளன), பாதை நீளம் (ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை தாவல்), இவ்விரண்டையும் சேர்த்த சிற்றுலகத் தன்மை என்று பல எண்களைப் பெறலாம். வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும் 1998-இல் தந்த கருத்துகளின் வழிவந்தவை இவை. 19 மின்முனைகளுக்கு இவற்றில் பெரும்பாலானவை அளவுக்கு மீறிய ஆடம்பரம் என்பது என் கருத்து. சராசரி இணைப்பு வலிமை, நெற்றி–பிடரித் தொலைத்தொடர்பு, இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான தொடர்பு, பதிவின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்ற நிலைத்தன்மை ஆகிய நான்கும் போதும். கடைசி எண்ணை முதலில் பாருங்கள். ஒரே பதிவின் இரண்டு பாதிகளே ஒத்துப்போகவில்லை என்றால் மற்றவற்றைப் பேச வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: புள்ளியியல்

மாதிரி எண்ணிக்கை என்பது குழந்தைகளின் எண்ணிக்கை. 10 குழந்தைகளுக்கு 171 சோடி என்று 1,710 அவதானிப்புகளாகக் காட்டுவது கணக்கு மோசடிக்குச் சமம். 171 சோடிகளையும் 5 அலைவரிசைகளிலும் தனித்தனியே சோதித்தால் 855 சோதனைகள். ஒன்றுமே இல்லாத தரவில்கூட 5 விழுக்காட்டு எல்லையில் 43 அளவுக்கு "கண்டுபிடிப்புகள்" கிடைக்கும். முதற்படியில் எழுதிவைத்த ஒரே கேள்விக்கான ஒரே எண்ணை முதலில் சோதியுங்கள். 10 குழந்தைகளின் முன்–பின் வேறுபாடுகளுக்கு, கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றிப் பார்க்கும் வழிகள் 1,024தான். அனைத்தையும் கணினியில் ஓட்டிவிடலாம்.

வயதையும் நோய்க்காரணத்தையும் தவிர்க்க முடியாது. பிறப்பின்போது மூச்சுத்திணறலோ இரத்தச் சர்க்கரைக் குறைவோ ஏற்பட்டுப் பிடரிப் பகுதி சிதைந்த குழந்தையும், டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் (மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகள் உண்டாகும் மரபணு நோய்) உள்ள குழந்தையும், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தையும் ஒரே நோய்ப்பெயரின் கீழ் வரலாம். ஒப்பீட்டுக் குழுவுக்கு மாதக் கணக்கில் வயது பொருத்துங்கள். 5 மாதக் குழந்தைக்கு 11 மாதக் குழந்தை ஈடாகாது.

பத்தாம் படி: பொருள் கொள்ளுதல்

அமெரிக்காவில் டேனியல் ஷ்ரே, பெத் லோபூர் ஆகியோரின் குழு 2018-இல், 21 நோயுற்ற குழந்தைகளையும் 21 நலமுள்ள குழந்தைகளையும் குறுக்கு ஒட்டுறவால் ஆராய்ந்தது. நோயுற்றோரின் வலைப்பின்னல் வலிமையாகவும் நிலையாகவும் இருந்தது. ஸ்பாசம் நின்ற எல்லாக் குழந்தைகளிடமும் வலிமை குறைந்தது. வலிமை கூடியது நிற்காதவர்களிடம் மட்டுமே. ஆகவே இங்கே இணைப்பு அதிகம் என்பதை நலம் என்று படிக்கக் கூடாது.

இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? மூளை எங்கே அதிகம் சர்க்கரையைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் ஹாரி சுகானியின் பெட் ஸ்கேன் ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்திலேயே மூளையின் ஆழத்திலுள்ள லென்டிஃபார்ம் கருக்களிலும் மூளைத்தண்டிலும் செயல்பாடு மிகுந்திருப்பதைக் காட்டின. 2007-இல் மைக்கேல் சினியாட்ச்கின் குழு இ.இ.ஜி.யையும், இரத்த ஓட்ட மாற்றத்தைக் கொண்டு மூளைச் செயல்பாட்டைக் காட்டும் செயல்நிலை எம்.ஆர்.ஐ.யையும் ஒருசேரப் பதிந்தபோது, கூர்முனைகள் மூளைப் புறணியோடும், உயர்ந்த மெதுவான அலைகள் புறணியோடு, மூளையின் ஆழப் பகுதிகளான தாலமஸ், புட்டமென், மூளைத்தண்டு ஆகியவற்றோடும் தொடர்புற்றிருந்தன. அப்படியானால் நெற்றிக்கும் பிடரிக்கும் நடுவே நாம் வரையும் கோடு, அவ்விரண்டும் பேசிக்கொள்வதைக் குறிக்காமல், அடியிலிருந்து ஒருவர் இரண்டு கயிறுகளையும் இழுப்பதைக் குறிக்கலாம். தலைமேல் வைத்த 19 மின்முனைகளால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. கட்டுரையில் "இணைப்பு" என்று எழுதும் இடமெல்லாம் "புள்ளியியல் சார்ந்த இணைப்பு" என்று ஒருமுறையாவது படித்துப் பாருங்கள்; பொருள் மாறும் வாக்கியத்தைத் திருத்துங்கள்.

செயல்நிலை எம்.ஆர்.ஐ.யால் இதைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இவ்வயதில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆறு மாத அளவில் வெண்பொருளும் சாம்பல்பொருளும் படத்தில் ஏறத்தாழ ஒரே நிறமாகத் தெரியும், அசையாமல் இருக்க மயக்கமருந்து வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தொடக்கமாக வேண்டாம்.

பதினோராம் படி: மறு ஓட்டம்

எல்லாம் முடிந்ததும், நிரலையும் மூலக் கோப்புகளையும் எழுதிவைத்த குறிப்பேட்டையும் ஆய்வில் பங்கேற்காத ஒரு மாணவரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் முதலிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாம் தசம இடம் வரை அதே எண்கள் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் காரணம் நான்காம் படியில் இருக்கும்: ஏதோ ஒரு குழந்தையின் எந்தப் பத்து நிமிடம் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்து எடுத்திருப்பீர்கள், குறிப்பேட்டில் எழுதியிருக்க மாட்டீர்கள்.